எல்லோரும் நின்ற இடம்

மெத்தை விவகாரத்தை மறந்துபோனவர்களுக்காக இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன். இந்த வாரம்தான் படிக்க ஆரம்பிக்கிறவர்களுக்கும் அது உதவும்.

இந்தத் தொடர்கதையின் அப்பா இன்றைக்கு லிப்ட் மெக்கானிக். வாலிப வயதில் மூன்று பேர் சேர்ந்த ஒரு குழுவில் பாடிக்கொண்டிருந்தார். நாட்டுப்பாட்டு மெட்டை எடுத்து, அதற்கு டிரம்மும் எலக்ட்ரிக் கிடாரும் சேர்த்துக் கூரை அதிரப் பாடுகிற குழு. அது எப்போதோ கலைந்துபோயிற்று. ஆனால் அவர்கள் பாடிய ‘போறவனே’ என்ற ஒரு பாட்டை மட்டும் ஊர் விடவில்லை. அப்பாவைத் தெரியாதவர்களுக்கெல்லாம் அந்தப் பாட்டைத் தெரியும்.

அந்தப் பாட்டை அவருடைய மகன், அதாவது நம் தம்பி, ஒரு மெத்தை விளம்பரத்துக்குப் பாடிவிட்டான். வீட்டை விட்டுப் போகிறவனைப் பற்றிய பாட்டு, வீட்டில் படுத்துத் தூங்குகிறவனுக்கான பாட்டாகிவிட்டது. “என் பாட்டைக் கொண்டுபோய்ப் படுக்கப் போட்டுட்டே” என்றார் அப்பா. “படுக்கவாவது உதவுதே” என்றான் தம்பி. ஆளுக்கு ஒரு வார்த்தைதான். அதில் பேச்சு நின்று நாலு வருடம் போய்விட்டது.

பிறந்தபோது தம்பி கைக்குள் அடங்குகிற அளவுக்குத்தான் இருந்தானாம். அப்பாதான் அவனுக்குச் ‘சுண்டெலி’ என்று பெயர் வைத்தார். வாசற்படியில் தலை இடிக்கிற அளவுக்கு வளர்ந்த பிறகும் வீட்டில் அதே பெயர்தான். நாலு வருடமாக அப்பாவின் வாயில் மட்டும் அந்தப் பெயர் வரவில்லை.

தம்பிக்கு மூத்தவள், நம் அக்கா. அவளுக்கு வானொலியில் வேலை. ஒவ்வொரு வாரமும் ஒரு பழைய பாட்டை எடுத்துக்கொண்டு, பிற்பாடு அதை யார் யார் எப்படி எப்படிப் பாடினார்கள் என்று வரிசையாகப் போட்டு, ஒப்பிட்டுப் பேசுகிற நேரடி நிகழ்ச்சி அவளுடையது. இந்த வாரம் ‘போறவனே’. விருந்தினர், அப்பா. அவரைச் சம்மதிக்க வைக்க அவள் பட்ட பாட்டைத்தான் போன அத்தியாயம் முழுக்கப் படித்தீர்கள்.

அப்பாவிடம் அவள் சொன்னது இதுதான். ஐந்து பேர் பாடியதைப் போடுவோம், பாடியவர் பெயரைச் சொல்ல மாட்டோம், கேட்டுவிட்டு எது மேல், எது கீழ் என்று அவர் சொல்ல வேண்டும். ஐந்தாவது குரல் தம்பியுடையது என்பதைச் சொல்லவில்லை.

காலையில் அம்மா அவளைச் சமையலறையில் மடக்கிவிட்டாள். அம்மா ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் இருக்கிறாள். வலியோடு துடித்து வருகிறவர்களைப் பேசிப் பேசியே உட்கார வைக்கிற பழக்கத்தில், வீட்டிலும் யாரையும் நிற்க விடமாட்டாள். இன்றைக்கு அவளே உட்காராமல் நின்றாள்.

அப்பா குளியலறையில் முகம் மழித்துக்கொண்டிருந்தார். குழாய்ச் சத்தம் கேட்கிறவரைதான் பேச முடியும்.

“நாலு சுவத்துக்குள்ள பேச வேண்டியதை ஊரே கேக்கற இடத்துக்குக் கொண்டுபோறியே” என்றாள் அம்மா.

நாலு சுவருக்குள் பேசிப் பார்த்தாயிற்று என்று அக்கா சொன்னாள். அப்பா இருக்கிறார் என்றால் தம்பி வரமாட்டான். தம்பி வருகிறான் என்றால், எங்கேயோ லிப்ட் நின்றுவிட்டது என்று அப்பா பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். இந்த ஊரில் இத்தனை லிப்ட் எப்படித்தான் நிற்கிறதோ என்று அம்மாவே அலுத்துக்கொண்டவள்தான்.

ஆனால் இனிமேல் தள்ளிப்போடவும் முடியாது. தம்பி இன்று சாயங்காலம் கப்பல் ஏறுகிறான். பயணிகள் கப்பல் ஒன்றில், சாப்பிடுகிறவர்களுக்கு எதிரே நின்று தினமும் பாடுகிற வேலை. மூன்று வருட ஒப்பந்தம். கிளம்புமுன் அக்காவுக்குத் தன் பாட்டை அனுப்பிவிட்டுப் போனில் ஒரே பிடியாகப் பேசினான்.

“என் பேரைச் சொல்லாதே. பாட்டை மட்டும் கேக்கட்டும். நல்லா இருக்குன்னு அவர் வாயால சொல்லிட்டா நான் கப்பலேறலை, நேரா வீட்டுக்கு வர்றேன். இல்லைன்னா இதோட விட்டுடு, என்னைக் கூப்பிடாதே.”

இதைத்தான் அம்மாவால் தாங்க முடியவில்லை. பிள்ளை வீட்டுக்கு வருவதும் கடலுக்குப் போவதும் ஒரு மனிதர் என்ன மனநிலையில் என்ன சொல்கிறார் என்பதில் போய் நிற்கிறதே.

“அவர் முதல் வரியிலேயே கண்டுபிடிச்சிடுவார்” என்றாள்.

“பிடிக்கட்டுமே. நாலு வருஷம் கழிச்சுக் கேக்கற குரல். மனசு இளகாதா?”

“உங்கப்பாவுக்குப் பாட்டுன்னு வந்துட்டா மனசு வேற, காது வேற.” அம்மா குரலைத் தாழ்த்தினாள். “எப்படிப் பாடியிருக்கான்?”

யாருக்கும் போட்டுக் காட்டாதே என்று தம்பி கேட்டுக்கொண்டதால் அம்மாவுக்குக்கூட அக்கா அதைக் காட்டவில்லை. நன்றாகப் பாடியிருக்கிறான், மிகவும் நன்றாகப் பாடியிருக்கிறான் என்றாள். “ஒரே ஒரு இடத்துல மட்டும்...” என்று ஆரம்பித்தாள்.

குழாய்ச் சத்தம் நின்றுவிட்டது. இரண்டு பேரும் அவசர அவசரமாகக் கோப்பைகளைக் கழுவத் தொடங்கினார்கள்.

அந்த ஒரே ஒரு இடம் எது என்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் இன்றைய நாளே புரியாது.

பாட்டில் இரண்டாவது தடவை பல்லவி வரும்போது, ‘போறவனே போறவனே, பாலம் தாண்டிப் போறவனே’ என்று பாடிவிட்டு அப்பா நின்றுவிடுவார். கிடார் நிற்கும், டிரம் நிற்கும், எல்லாமே நிற்கும். கேட்கிறவன் ‘என்ன ஆயிற்று?’ என்று நினைக்கிற அளவுக்கு ஒரு மௌனம். அதற்குப் பிறகுதான் ‘திரும்பிப் பாரு’ என்று வரும்.

அந்த மௌனத்துக்காகவே பாட்டு பேர் வாங்கிற்று. போகிறவன் திரும்புவானா மாட்டானா என்று பாட்டே காத்திருக்கிறது என்று ஒரு விமர்சகர் எழுதினார். இன்னொருவர் அதற்கு மேலே போய், அந்த மௌனம்தான் பாட்டு, மற்றதெல்லாம் அதற்கு உறை என்று எழுதினார். பிற்பாடு யார் அந்தப் பாட்டைப் பாடினாலும் அந்த இடத்தில் நின்றார்கள். நிற்காமல் பாடினால் பாடத் தெரியாதவர் என்று பெயராகிவிடும். ஏன் அங்கே நின்றீர்கள் என்று அப்பாவைக் கேட்டவர்களுக்கு அவர் கொடுத்த பதில் எப்போதும் ஒன்றுதான்: “மூச்சு வாங்கினேன்.”

தம்பி அங்கே நிற்கவில்லை. அக்கா போனில் அதைக் கேட்டபோது அவன் கொஞ்சம் எரிச்சலாகத்தான் பதில் சொன்னான். “எனக்கு அங்க நிக்கத் தோணலை அக்கா. எல்லாரும் நிக்கறாங்கன்னு நானும் நிக்கணுமா?”

வானொலி நிலையம் ஒரு பழைய கட்டிடத்தின் ஆறாவது மாடியில் இருந்தது. லிப்டில் ஏறியதும் அப்பா சுவரில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்தில் நின்றவர்கள், பெரியவர் பிரார்த்தனை செய்கிறார் என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கினார்கள். கதவின் உருளை தேய்ந்திருக்கிறது, சீக்கிரம் மாற்றச் சொல் என்று அக்காவிடம் சொன்னார். அவள் கதவுக்கு மேலே மாறுகிற மாடி எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டூடியோவில் ஒலியைக் கவனிக்கிறவரை எல்லாரும் ‘பொத்தான்’ என்று கூப்பிடுவார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார். நேரடி நிகழ்ச்சியில் அவர் பயப்படுவது ஒன்றே ஒன்றுக்குத்தான். கொஞ்ச நேரம் தொடர்ந்து சத்தமே வராவிட்டால், ஏதோ கோளாறு என்று நினைத்து யந்திரம் தானாகவே ஒரு புல்லாங்குழல் இசையைப் போட்டுவிடும். ‘போறவனே’ பாட்டுக்கு இந்த வார நிகழ்ச்சி முழுவதையும் ஒதுக்கிவிட்டார்களே, அந்த இடத்தில் புல்லாங்குழல் வந்து மானம் போகப்போகிறது என்று காலையிலிருந்து புலம்பிக்கொண்டிருந்தார்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

முதல் குரல் ஒரு பெண்ணுடையது. பியானோவை மட்டும் வைத்துக்கொண்டு, குழந்தையைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி பாடினார். அந்த இடம் வந்ததும் அழகாக நின்றார். அப்பா தலையை ஆட்டினார். குரல் தேன்தான், ஆனால் இவங்க இன்னும் யாரையும் வழியனுப்பினதில்லை போல இருக்கு என்றார்.

இரண்டாவது, காது கிழிகிற மாதிரி ஒரு இளைஞர் குழு. “இவங்க போறவனைக் கூப்பிடலை, பாலத்தையே இடிக்கறாங்க” என்று அப்பா சொன்னதும் பொத்தான் கண்ணாடிக்குப் பின்னால் குலுங்கிச் சிரித்தார். ஆனாலும் கோபத்தில் கூப்பிடுகிறவர்களும் உண்டு, அதனால் பியானோவுக்கு மேலே வைக்கலாம் என்றார்.

மூன்றாவது, ஒரு கல்லூரிச் சேர்ந்திசைக் குழு. அத்தனை பேரும் ஒரே நொடியில் மூச்சைப் பிடித்து நின்றார்கள். அப்பா அதை மறுபடி போடச் சொல்லிக் கேட்டார். ஒரு ஊரே வாசலில் வந்து நின்று பார்க்கிற மாதிரி இருக்கிறது, இதுவே இதுவரைக்கும் முதல் என்றார்.

நான்காவது நடனத்துக்கான பாட்டு. எல்லாமே யந்திரத் தாளம். அந்த மௌனத்தைக்கூட யந்திரம் எண்ணி, அளந்து, சரியான இடத்தில் வெட்டியிருந்தது. அப்பா இதற்கு அதிகம் சொல்லவில்லை. கதவு மூடி லிப்ட் கிளம்புகிற கணக்கு என்று மட்டும் சொன்னார்.

அப்பா இவ்வளவு பேசி அக்கா கேட்டதில்லை. அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. மேஜைக்கு அடியில் அவருடைய இடதுகை விரல்கள் ஒவ்வொரு பாட்டுக்கும் தன்பாட்டுக்குக் கிடார் பிடித்துக்கொண்டிருந்தன. இந்த முகத்தோடு தம்பியைக் கேட்டால் போதும் என்று அவள் வேண்டிக்கொண்டாள்.

ஐந்தாவது பாட்டு தொடங்கியது.

கிடாரின் பலகையை விரல் முட்டியால் தட்டுகிற சத்தம். பிறகு குரல். மற்ற நாலு பேரும் கரையில் நின்றுகொண்டு போகிறவனைக் கூப்பிட்டார்கள். இந்தக் குரல் அப்படி இல்லை. போகிறவனே நடந்துகொண்டே தனக்குத்தானே பாடிக்கொள்கிற மாதிரி இருந்தது.

முதல் வரி முடிவதற்குள் மேஜைக்கு அடியில் அப்பாவின் விரல்கள் நின்றுவிட்டன.

அக்கா பார்த்தாள். அவர் கண்டுபிடித்துவிட்டார். ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். கழற்றி வைக்கவில்லை, எழுந்து போகவில்லை. அக்காவுக்கு அழுகையும் நம்பிக்கையும் சேர்ந்து வந்தன.

இரண்டாவது பல்லவி வந்தது. ‘போறவனே போறவனே, பாலம் தாண்டிப் போறவனே, திரும்பிப் பாரு.’ ஒரே மூச்சு. இடைவெளி இல்லை.

அப்பா ஏதோ தட்டுப்பட்டதுபோல நிமிர்ந்தார். முகத்திலிருந்த வெளிச்சம் போய்விட்டது.

பாட்டு முடிந்ததும் அக்கா வழக்கமான குரலில், இந்த ஐந்தாவது குரலை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டாள். அந்த வழக்கமான குரலை எங்கிருந்து கொண்டுவந்தாளோ தெரியவில்லை.

“கடைசி” என்றார் அப்பா.

“ஏன்னு நேயர்களுக்குச் சொல்ல முடியுமா?”

“நல்ல குரல். கை சுத்தம். பாட்டை உள்ளே வாங்கிப் பாடற ஆளு. எல்லாம் சரி. ஆனா மத்த நாலு பேரும் அங்க நின்னாங்க. எதுக்குன்னே தெரியாம நின்னாங்க. இவன் நிக்கலை.”

மற்ற எல்லாரும் ‘இவங்க’. இது மட்டும் ‘இவன்’. அக்காவுக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போயிற்று.

செய்திக்காக ஒலிபரப்பு வேறு அறைக்கு மாறியது. சிவப்பு விளக்கு அணைந்ததும் அவளுடைய போனில் ஒரு வரி வந்து நின்றிருந்தது. ‘கேட்டேன். பஸ்ஸில் துறைமுகத்துக்குப் போய்க்கிட்டிருக்கேன். அம்மாவைப் பார்த்துக்கோ.’ அவள் கூப்பிட்டாள். போன் அணைக்கப்பட்டிருந்தது.

“யாருன்னு தெரிஞ்சுதானே சொன்னீங்க?” என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டாள்.

“பாட்டைப் பத்திக் கேட்டே. பாட்டைப் பத்திச் சொன்னேன்.”

அவள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கப்பல், மூன்று வருடம், நல்லா இருக்கு என்ற அந்த ஒரு வார்த்தைக்காக அவன் காத்திருந்தது, எல்லாவற்றையும். அப்பா கேட்கக் கேட்க நாற்காலியில் சரிந்தார். இதை முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று அவர் கேட்டபோது குரல் உடைந்திருந்தது.

“சொல்லியிருந்தா? நல்லா இருக்குன்னு சொல்லியிருப்பீங்களா?”

பொய் சொல்லத் தெரிந்த மனிதராக இருந்திருந்தால் இந்தத் தொடர்கதைக்கே வேலை இருந்திருக்காது. “மாட்டேன்” என்றார் அப்பா.

அவள் அவரை வெறுத்தாள். அந்த நிமிடத்தில் நிஜமாகவே வெறுத்தாள்.

செய்தி முடிகிற நேரம். பொத்தான் அவளுடைய காதில் பேசினார். “நேயர்கள் நேரம். பல் ஆஸ்பத்திரியிலேருந்து ஒரு அம்மா காத்துக்கிட்டிருக்காங்க. கேட்டா உன் அம்மா குரல் மாதிரியே இருக்கு.”

ஓட்டை போடுகிற யந்திரத்தின் சத்தம் காத்திருப்பவர்களுக்குக் கேட்கக்கூடாது என்பதற்காக அந்த மருத்துவமனையில் நாள் முழுக்க வானொலி ஓடிக்கொண்டிருக்கும். அம்மா எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு எதிரே, மேஜைப் போனை எடுத்து நம்பரை அழுத்தியிருந்தாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. அக்கா வணக்கம் சொல்வதற்குள் அம்மா பேச ஆரம்பித்துவிட்டாள்.

“ஏங்க, அந்த இடத்துல ஏன் நின்னீங்கன்னு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

அப்பா மைக்கை விட்டு நாற்காலியைப் பின்னால் நகர்த்தினார்.

அம்மா சொன்னாள். பாட்டைப் பதிவு செய்த அன்றைக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. தம்பி பிறந்து நாலைந்து வாரம்தான் ஆகியிருந்தது. துணியில் சுற்றி ஸ்டூடியோவுக்கே தூக்கிக்கொண்டு போனாள். ஒரு மூலையில் நாற்காலி போட்டு, மூச்சுகூட விடாதீர்கள் என்று உட்கார வைத்தார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ‘பாலம் தாண்டிப் போறவனே’ என்று இவர் பாடி முடிக்கவும் பிள்ளை வீல் என்று ஒரு கத்தல் கத்திற்று. இவர் கை நின்றது. மற்ற இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள். இவர் திரும்பி மூலையைப் பார்த்தார். பிள்ளை இவரைப் பார்த்து அடங்கியது. அப்புறம்தான் ‘திரும்பிப் பாரு’ என்று பாடினார். மறுபடி எடுக்க நேரம் இல்லை, அடுத்த குழு வாசலில் நிற்கிறது என்றார்கள். வேறு சத்தம் எதுவும் இல்லாததால் அழுகையை மட்டும் சுலபமாக அழித்துவிட்டார்கள். நின்ற இடம் அப்படியே தங்கிவிட்டது.

அக்காவுக்கு இது தெரியாது, அன்றைக்கு அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். தம்பிக்கும் தெரியாது. ஊர் முழுக்கப் புகழ்ந்த அந்த மௌனத்துக்குள் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது இரண்டே பேருக்குத்தான் தெரிந்திருந்தது.

“எனக்கு இன்னும் கேக்குது” என்றார் அப்பா. யாரிடம் பேசுகிறோம், எங்கே பேசுகிறோம் என்பதை மறந்துவிட்டார். “யார் பாடினாலும் அந்த இடம் வந்ததும் அவன் அழறது எனக்குக் கேக்கும். அதான், நிக்காமப் போனா தாங்கலை. அவனே நிக்காமப் போறான்.”

“அது அவன் அழுத இடம்ங்க” என்றாள் அம்மா. “அழுதவனே வந்து பாடறான். அவன் யாருக்காக நிக்கணும்?”

அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. போனை வைத்துவிட்டாள். வைப்பதற்கு முன், கன்னம் வீங்கிய யாரோ ஒருவர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வானொலியில் தெளிவாகக் கேட்டது.

அப்பா ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். ஸ்டூடியோவில் கிடார் இருக்கிறது, கொண்டுவரட்டுமா என்று அக்கா சைகையில் கேட்டாள். வேண்டாம் என்று கையசைத்தார். மைக்குக்குப் பக்கத்தில் வந்து, வெறும் குரலில், எடுத்த எடுப்பிலேயே இரண்டாவது பல்லவியைப் பாடினார். வயதான குரல். மேல் ஸ்தாயியில் கரகரத்தது.

‘போறவனே போறவனே, பாலம் தாண்டிப் போறவனே...’

நின்றார்.

“சுண்டெலி” என்று கூப்பிட்டார்.

அதற்குப் பிறகு ‘திரும்பிப் பாரு’ வரவேண்டும். வரவில்லை. அவர் உதடு அசைந்தது, சத்தம் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பொத்தான் எழுந்து நின்றுவிட்டார். அவருடைய கண் கடிகாரத்தில் இருந்தது. புல்லாங்குழல் கிளம்பப்போகிற கடைசித் தறுவாயில், அக்கா எட்டி அப்பாவின் பழைய இசைத்தட்டை ஓடவிட்டாள். நாலு வருடம் அவள் காத்திருந்த பெயர் அது. அவளுக்கு முன்னால் இருந்த விசைகள் எல்லாம் கலங்கித் தெரிந்தன.

இசைத்தட்டு முதலிலிருந்து ஓடியது. அந்த இடம் வந்தபோது ஸ்டூடியோவில் யாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. இப்போது அது யாருக்குமே மௌனமாக இல்லை.

பிறகு போன்கள் குவிந்தன. பியானோவுக்கு ஒரு ஓட்டு, சேர்ந்திசைக்கு ஒரு ஓட்டு, அப்பாவைத் திட்ட ஒருவர், அம்மாவைப் பாராட்ட இரண்டு பேர். அப்பா எதையும் கேட்கவில்லை. அக்காவின் போனை வாங்கி, அணைந்து கிடந்த தம்பியின் நம்பரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நிகழ்ச்சி முடிகிற சமயத்தில் ஒரு ஆண் குரல் வந்தது. பின்னால் எஞ்சின் உறுமியது.

“நான் துறைமுகம் பஸ் டிரைவருங்க. கடைசி ஸ்டாப்புல வண்டியை நிறுத்திட்டுத்தான் பேசறேன், தப்பா எடுத்துக்காதீங்க. வண்டியில உங்க நிகழ்ச்சிதான் ஓடிக்கிட்டிருந்தது. ஐயா பாடினாரே, அப்போ பாலத்தைத் தாண்டிட்டோம். அவர் சுண்டெலின்னு கூப்பிட்டதும் பின் சீட்டுலேருந்து ஒருத்தர் எழுந்து ஓடி வந்தார். நல்ல உயரம். மேல கம்பியில மண்டையை இடிச்சுக்கிட்டார். நிறுத்துங்கன்னு சொன்னார், ஸ்டாப் இல்லைன்னேன், அவர் முகத்தைப் பார்த்துட்டு நிறுத்திட்டேன். இறங்கிட்டார். கிடார் பெட்டியை வண்டியிலேயே விட்டுட்டுப் போயிட்டார்.”

அப்பா மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். “பெட்டிக்குக் கைப்பிடி எப்படி இருக்கு?”

டிரைவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “கைப்பிடி இல்லைங்க. இரும்புக் கம்பியை முறுக்கிக் கட்டி, மேல கறுப்பு டேப் சுத்தியிருக்கு.”

“லிப்ட் கம்பி” என்றார் அப்பா. “அவன் ஸ்கூல்ல படிக்கறப்போ நான் கட்டிக் கொடுத்தது.”

நாலு வருடமாக மகன் எந்த ஊரில் எந்த அறையில் இருந்தாலும் அதைப் பிடித்துத்தான் கிடாரைத் தூக்கியிருக்கிறான். புதுப் பெட்டி வாங்க முடியாதவன் இல்லை. அப்பா முகத்தைப் பொத்திக்கொண்டார். பிறகு, இறங்கினவன் எந்தப் பக்கம் போனான் என்று கேட்டார். வீட்டுப் பக்கமா, துறைமுகத்துப் பக்கமா?

“பார்க்கலைங்க. பின்னால ஹாரன் அடிச்சாங்க, நான் கிளம்பிட்டேன்.”

அப்பா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். நிகழ்ச்சி இன்னும் முடியவில்லை என்றோ, மைக் திறந்திருக்கிறது என்றோ அவருக்கு நினைப்பில்லை. கதவைத் திறந்துகொண்டு நடைபாதையில் ஓடினார். லிப்டின் முன்னால் ஒரு கணம் நின்று விசையை அழுத்தப் போனவர், கையை இழுத்துக்கொண்டு படிக்கட்டுக்குத் திரும்பினார். வாழ்நாள் முழுக்க லிப்டோடு வாழ்ந்தவருக்கு அன்றைக்கு லிப்டுக்காகக் காத்திருக்கப் பொறுமை இல்லை.

அக்கா மைக்கில் பேசினாள். “ஐந்தாவது குரலை இன்னொரு தடவை கேட்போம். இதைப் பாடினவர் என் தம்பி.”

கிடார் பலகையைத் தட்டுகிற சத்தம் ஆரம்பித்தது. அப்பாவின் காலடிச் சத்தம் படிகளில் கீழே கீழே போய்த் தேய்ந்தது. அவள் கண்ணாடிச் சுவர் வழியாக வெளியே நடைபாதையைப் பார்த்தாள். லிப்ட் கதவுக்கு மேலே எண் ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறியது, இரண்டிலிருந்து மூன்றுக்கு. யாரோ மேலே வந்துகொண்டிருந்தார்கள்.